நான்கு கறுப்பு உறைகள்

டெலிபோனில் முதலில் மௌரீனின் மூச்சுதான் வந்தது. பேச்சு பிறகு வந்தது.

"கிளிஃபி, மாட்டிக்கினோம்டா! கார்டு கம்பெனி ஆளு ஒருத்தன் கடைக்கு வந்தான். நாலு பெட்டியையும் கவுத்துக் கொட்டிட்டான்."

"கொட்டினா கொட்டட்டும்க்கா. ஒரு பாக்கெட்கூட நாம பிரிக்கலை. சீல் எல்லாம் ஜம்முனு இருக்கு."

"பாக்கெட்டை எவன் பாத்தான்? ஒவ்வொரு பெட்டியிலயும் அடி அட்டைக்குக் கீழ கறுப்பு உறை ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கானுங்கடா. உள்ளாற எக்ஸ்ரே ஃபிலிமாம். பெட்டியை எவனாச்சும் எக்ஸ்ரே புடிச்சிருந்தா, அதைக் கழுவறப்போ கறுத்துப் போவுமாம்!"

கிளிஃபர்ட் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தான்.

அவன் காக்ஸ் டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் எக்ஸ்ரே டெக்னீஷியன். அக்கா மௌரீனுக்கு ஜீவனஹள்ளியில் ஸ்டேஷனரி கடை. அந்த 1998ஆம் வருடம் பெங்களூர்ப் பிள்ளைகள் எல்லாம் கிரிக்கெட் கார்டு பைத்தியம் பிடித்து அலைந்தன. ஒட்டி மூடிய பாக்கெட், விலை ஐந்து ரூபாய். அபூர்வமாக ஏதோ ஒரு பாக்கெட்டில் மட்டும் மஞ்சள் தகடு பதித்த தங்கக் கார்டு இருக்கும். அது கிடைத்தவருக்கு ஒரு ஸ்கூட்டர்.

கையில் எடை பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று மற்ற கார்டுகளையும் கம்பெனி அதே எடைக்குச் செய்திருந்தது. எக்ஸ்ரேக்கு எடை எதற்கு? அட்டை மங்கலாகத் தெரியும், தகடு வெள்ளை வெளேரென்று தெரியும். கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு பெட்டியும் கிளிஃபர்டின் மேஜையில் கொஞ்சம் படுத்து எழுந்து போகும். "இடமிருந்து ஏழாவது" என்று அவன் சொல்வான், மௌரீன் அதை மட்டும் உருவிக்கொள்வாள். இப்படி அக்கா வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர், அத்தானின் தம்பி வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர். மூன்றாவது தன்னுடையது என்று கிளிஃபர்ட் நிறம்கூடத் தேர்ந்து வைத்திருந்தான். இப்போது ஸ்கூட்டர் கிடக்கட்டும், வேலையும் போய் ஜெயிலும் கிடைத்துவிடும் போலிருந்தது.

"அந்த ஆளு இப்ப எங்கக்கா?"

"ஃபிலிமைக் கழுவணும், பக்கத்துல எக்ஸ்ரே எடுக்கிற இடம் எதுன்னு கேட்டான். பயத்துல வாயில வேற பேரே வரலைடா. உன் நர்சிங் ஹோமைச் சொல்லித் தொலைச்சிட்டேன்!"

கிளிஃபர்ட் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்த சிரிப்பில் வரிசையில் உட்கார்ந்திருந்த கால் உடைந்த நோயாளியும் காரணம் தெரியாமலே சிரித்தார்.

"அக்கா, மாதா கோயில்ல பெரிய மெழுகுவத்தியா ஒண்ணு ஏத்து. பாலுக்குக் காவலா பூனையைத் தேடிக்கினு வர்றான்!"

அரை மணி நேரத்தில் சீனிவாசராகவன் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் ஜோல்னாப் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. கம்பெனியின் சரிபார்ப்பு அதிகாரி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, நான்கு கறுப்பு உறைகளையும் குழந்தையை ஒப்படைப்பதுபோல நீட்டினார்.

"வெளிச்சம் படாம பிரிக்கணும் தம்பி. பட்டா எல்லாம் வீணாயிடும்."

"நமக்கு இதே தொழில் சார். நீங்க உக்காந்து காப்பி சாப்பிடுங்க."

டார்க் ரூம் கதவைச் சாத்தியதும் கிளிஃபர்ட் சிவப்பு விளக்கின் கீழ் ஒரு சுற்று ஆடினான். உறைகளைப் பிரிக்காமல் அப்படியே மடித்து பேன்ட் பாக்கெட்டில் திணித்தான். கறுக்கப்போகிற ஃபிலிமைக் கழுவ அவனுக்கென்ன பைத்தியமா? புது ஃபிலிம் ஒன்றை எடுத்து, உறை அளவுக்கு நான்கு துண்டுகளாக வெட்டினான். மூலைகளைக்கூட அழகாக வளைத்து விட்டான். டெவலப்பரில் முக்கி, தண்ணீரில் அலசி, பிறகு ஃபிக்ஸர் மருந்தில் போட்டு எடுத்தான். எக்ஸ்ரே படாத ஃபிலிம் எப்படி இருக்குமோ அப்படியே வந்தன நான்கும்.

கிளிப்பில் மாட்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்தான்.

"பாருங்க சார், கண்ணாடி கணக்கா இருக்கு. பொட்டுக் கறுப்பு கிடையாது. அந்தக் கடைக்காரங்க சொக்கத் தங்கம் சார்!"

சீனிவாசராகவன் ஒவ்வொன்றையும் ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"பேஷ்! இதை அப்படியே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கோ. மேலிடத்துல காகிதம் கேப்பா."

"ஒரு வரி இன்னா சார், ஒம்போது வரி எழுதறேன்!"

அவர் சொல்லச் சொல்ல கிளிஃபர்ட் எழுதினான். 'நான்கு உறைகளையும் நானே என் கையால் பிரித்து, உள்ளே இருந்த நான்கு ஃபிலிம்களையும் கழுவிக் கொடுத்தேன்.' கையெழுத்துப் போட்டான். தேதி போட்டான். அவர் கேட்காமலே நர்சிங் ஹோம் முத்திரையையும் ஓங்கிக் குத்தினான்.

காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சீனிவாசராகவன் நிதானமாகக் காப்பியைக் குடித்து முடித்தார்.

"கார்த்தாலேர்ந்து வேற கடை உறைகளை எடுத்துண்டு மூணு எக்ஸ்ரே இடத்துக்குப் போனேன் தம்பி. மூணு பேரும் உள்ளே போன ரெண்டாவது நிமிஷமே வெளியில வந்து என்னைக் கண்டபடி திட்டினா."

"ஏன் சார், எதுக்குத் திட்டணும்?"

"'யோவ், இதுல ஃபிலிம் எங்கய்யா இருக்கு, கல்யாணப் பத்திரிகையை வெட்டி வச்சிருக்கே'ன்னுதான்!"