நீ அப்புறம்

கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன். மடியில் மதிப்பெண் தாள். ஒன்பது வருஷமாக என் வகுப்பைக் கூட்டி, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்ட ஆயா இன்று கரும்பலகை முன்னால் நிற்கிறாள். வேலையோடு அவள் படித்துவரும் ஆசிரியர் பயிற்சியில் இது தேர்வுப் பாடம். மதிப்பெண் போடப்போவது நான். ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. பலகையை இரண்டு தட்டு தட்டுகிறாள், வகுப்பு கப்சிப். அது என் தட்டு. "என்ன, காதுல பஞ்சா?" என்கிறாள். அதுவும் என்னுடையதுதான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. அப்போது என் பக்கத்திலிருக்கும் சிறுமி கை தூக்குகிறாள். பேச்சு திக்கும் பிள்ளை. தினமும் மதியம் இவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டி, சொல் வெளியே வரும்வரை காத்திருப்பவள் இதே ஆயாதான். அவள் கண் சிறுமிமேல் பட்டுக் கனிகிறது. பிறகு என்னைப் பார்க்கிறாள். ஏதோ ஞாபகம் வந்தவள்போல நிமிர்ந்து, பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையைக் காட்டுகிறாள். "நீ அப்புறம்." சிறுமி கையை இறக்கிக்கொள்கிறாள், தினமும் என் பாடத்தில் இறக்குவதைப் போலவே. என் காது சுடுகிறது.

மணி அடிக்கிறது. முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக ஆயா வந்து நிற்கிறாள். "ஒண்ணு விடாம நீங்க செய்யற மாதிரியே செஞ்சேன் டீச்சர்." தாளில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது: எல்லாப் பிள்ளைகளையும் கவனித்தல், பத்துக்கு எத்தனை. பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன். அவள் சிரிப்பு மெல்ல வடிகிறது. "ஏதாச்சும் தப்பா டீச்சர்?"

"அப்புறம் சொல்றேன்" என்கிறேன். சிறுமி தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.