உள்தாழ்ப்பாள்

ஆளில்லாத கக்கூஸுக்குள் யாரோ இருமினார்கள்.

விமலேஸ்வரியின் கையில் எழுதிக்கொண்டிருந்த பேனை அப்படியே நின்றுவிட்டது.

நன்றாய் இருட்டியிருந்தது. அரசாங்கக் கச்சேரி அலுவலாய்க் கொக்கிளாய்க்குப் போன கணவர் வெள்ளிக்கிழமைதான் வருவார். வீட்டில் அவளும் நாலு மாதக் கைக்குழந்தையும் மட்டும். பின்வளவில் இருமுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மறுபடியும் இருமல். அடக்கி, அடக்கமுடியாமல் வந்த இருமல்.

பேயென்றால் இருமாது. கள்ளன்தான்.

நாளைய மாதர் சங்கக் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்த பேச்சை மை காயுமுன்பே போட்டுவிட்டு எழும்பினாள். ஒரு கையில் லாம்பு, மறுகையில் உலக்கை. கொன்வென்ற்றில் பாடமாக்கிய செபம் பாதிக்கு மேல் வரமாட்டேனென்றது.

கக்கூஸ் கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையாலும் நிலையைப் பிடித்தபடி வீராயி நின்றாள். தினமும் விடியற்காலையில் பின்பக்கத் தகரத்தைத் தூக்கி மல வாளியை எடுத்துப் போகிறவள்.

"அடி தோட்டிச்சி! இருட்டுக்குள்ளை உனக்கு இங்கை என்ன வேலை? உள்ளுக்கு ஆரை ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?"

"அம்மா, இழுக்காதீங்கம்மா! கும்புடுறேன், இழுக்..."

விமலேஸ்வரி அவளைத் தள்ளிவிட்டுக் கதவை இழுத்தாள்.

லாம்பு வெளிச்சம் உள்ளே விழுந்தது. பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி, குந்தியிருந்தபடியே முகத்தை முழங்காலுக்குள் புதைத்து வீரிட்டாள்.

கதவு தானாய்ச் சாத்திக்கொண்டதா, தான்தான் சாத்தினாளா என்று விமலேஸ்வரிக்குத் தெரியவில்லை. உலக்கை மண்ணில் கிடந்தது.

"எம் மக தெய்வானைம்மா," என்றாள் வீராயி. மறுபடி முதுகைக் கதவில் கொடுத்திருந்தாள். "ரெண்டு நாளா வயித்தால போகுது. காட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். நேத்து எவனோ டார்ச்சு அடிச்சுப் பாத்துக்கிட்டே நின்னான். இனி செத்தாலும் காட்டுக்கு வரமாட்டேங்குறா. உங்க கக்கூசுக்கு உள்ள தாப்பா இல்லியா, அதான் நான் புடிச்சுக்கிட்டு..."

"ஏன், உங்கடை லைன் வீடுகளிலை கக்கூஸ் இல்லையோ?"

"இருவது குடும்பம். ஒண்ணுகூடக் கெடையாது."

"உங்களுக்கோ? உங்களுக்கோ இல்லை?"

"ஊருக் கக்கூசு அம்புட்டும் எங்க தலைமேலதாம்மா போகுது. எங்களுக்குன்னுதான் ஒண்ணுமில்ல."

அப்போதுதான் விமலேஸ்வரிக்குத் தன் வாயிலிருந்து விழுந்த சொல் நினைவுக்கு வந்தது. அதே சொல்லை இனி யாரும் சொல்லக்கூடாதென்று மேசையிலே மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறாள்!

"வீராயி, பயத்திலை அந்தச் சொல்லைச் சொல்லிப்போட்டன். குறை நினையாதை. நாளைக்குச் சங்கத்திலை அதைப் பற்றித்தான் பேசப்போறன். இனி உங்களைச் 'சுகாதார ஊழியர்' எண்டுதான் சொல்லவேணும். மற்றச் சொல் உங்களுக்கு அவமானம்."

வீராயி லாம்பையே பார்த்தாள்.

"அந்தச் சொல்லும் சுடத்தான் செய்யும்மா. ஆனா எது அவமானம்னு எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா, நீங்க இப்ப கதவ இழுத்தீங்களே, அதத்தான் முதல்ல சொல்லியிருப்பேன்."

விமலேஸ்வரி குனிந்து உலக்கையை எடுத்தாள்.

"பேரை எப்புடியும் வச்சுக்குங்க. அந்த ஊழியருக்கு உள்ளாற தாப்பா போட்ட கதவு ஒண்ணு கேளுங்க."

"நாளைக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா," என்றுமட்டும் சொன்னாள் விமலேஸ்வரி.

மறுநாள் கூட்டத்தில், எழுதி வைத்திருந்த பேச்சை அவள் விரிக்கவில்லை.

"லைனிலை இருக்கிற பொம்பிளையளுக்குக் கக்கூஸ் இல்லை. பேர் மாத்திறதுக்கு முதல் நாங்கள் அதைக் கேப்பம்."

தலைவி திருமதி கதிர்காமநாதன் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினார்.

"விமலேஸ்! கொன்வென்ற்றிலை படிச்ச பிள்ளை, சபையிலை எடுக்கிற சொல்லோ இது? அந்தச் சனமே கேட்டால் வெக்கப்படும்!"

"அந்தச் சனத்தைக் கேட்டனீங்களோ அக்கா?"

"அதுகளைக் கேக்கிறதோ? அதுகளுக்கு மானம் ரோசம் என்ன தெரியும்? அதுகளுக்காகத்தானே நாங்கள் இருக்கிறம்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். தேத்தண்ணியும் பட்டர் கேக்கும் வந்தன. கூட்டக் குறிப்பில் இப்படி ஏறியது:

'தோட்டி என்னும் இழிசொல்லைக் கைவிடும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. திருமதி விமலேஸ்வரி யோகநாதன் பாவித்த ஆபாசச் சொல், சபை மரியாதை கருதி நீக்கப்பட்டது.'

வரும் வழியில் மஸாஹிர் நானாவின் கடையில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள் வாங்கினாள். ஆணி அடிக்க வீட்டில் சுத்தியல் இல்லை. உலக்கைப் பூணால் அடித்தாள். விரலிலும் ஒன்று விழுந்தது.

இருட்டியதும் இரண்டு பேரும் வந்தார்கள். தெய்வானை தலை நிமிராமல் உள்ளே போனாள். வீராயி பழக்கத்தில் கதவுக்கு முதுகைக் கொடுக்கப் போனாள்.

"விடு, வீராயி. இனி நீ பிடிக்கத் தேவையில்லை."

வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீராயி தள்ளி நின்றாள்.

உள்ளே 'டக்' என்று தாழ்ப்பாள் விழுந்தது.

"இப்ப இழுங்கம்மா," என்றாள் வீராயி.