மூன்றாவது பிடி

மாரமங்கலத்தில் எல்லார் மிளகுக்கொடியும் வாடிப்போக, ரஹமத்துல்லாவின் தோட்டம் மட்டும் பச்சையாக நின்றது.

"அப்படி என்னதான் ஊத்தறீங்க பாய்?" என்றார் பக்கத்துத் தோட்டத்து நல்லமுத்து.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க." பாய் குனிந்து, கொடியடியில் கரைசலை ஊற்றினார். "வெல்லத் தண்ணியில ஒரு பிடி மண்ணப் போட்டு ஊற வெச்சதுங்க. மண்ணுல இருக்கற நுண்ணுயிரு பெருகி வேரக் காப்பாத்தும்."

"நானும் அதேதானுங்க செஞ்சேன். ஒண்ணும் நடக்கலயே."

"உங்க மண்ணு மருந்தடிச்சே செத்துப்போச்சுங்க. மருந்தே படாத மண்ணு வேணும்."

"இந்த மலையில அப்படி எடம் ஏதுங்க?"

"எங்க சனத்த அடக்கம் பண்ற கபர்ஸ்தான் இருக்குதுங்களே."

மூடுபனி கொடிகளுக்குள் இறங்கியது. நல்லமுத்துவுக்கு வெறுங்கால் கூசியது.

"எம் ஊட்டுக்காரம்மாவ அடக்கம் பண்ணப்ப எல்லாரும் மூணு பிடி மண்ணு போட்டாங்க," என்றார் பாய். "நான் ரெண்டுதான் போட்டேன்."