மேல் மண்

“புதையல் அம்மா வந்தாச்சு” என்று சல்லடைக்காரன் குரல் கொடுத்ததும், குழிக்குள் இருந்தவர்கள் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் குடையை மடக்கிவிட்டு, வழக்கம்போல வேலியோரம் கவிழ்த்துக் கிடந்த பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்தாள்.

நகரத்தின் நெரிசலான நடுப்பகுதியில், இரண்டு அடுக்குமாடிகளுக்கு இடையே மாட்டிக்கொண்ட மனை அது. பழைய வீட்டை இடித்தாகிவிட்டது. புதுக் கட்டடம் வருவதற்குள் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கப் பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்ச நாள் கொடுத்திருந்தார்கள். இன்றோடு அதுவும் முடிகிறது. நாளை காலை கான்கிரீட் லாரிகள் வந்து நிற்கும்.

அம்மாளின் கண் சல்லடையை விட்டு அகலாது. சலித்ததில் ஏதாவது மிஞ்சினால் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பாள். பானை ஓடு என்றால் பேசாமல் திரும்பிப் போய் உட்கார்ந்துவிடுவாள்.

வேலையாட்கள் இதற்கு ஒரு கதை கட்டிவிட்டார்கள். வீட்டைக் காலி செய்த அவசரத்தில் நகையைப் புதைத்துவிட்டுப் போன குடும்பமாம். ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று பேராசிரியரிடம் வத்தியும் வைத்தாயிற்று.

பேராசிரியர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் கடைசியாகக் குடியிருந்தவள் கிடைத்துவிட்டாள் என்பதில் அவருக்குக் கொள்ளை சந்தோஷம். சமையலறை எந்தப் பக்கம், கிணறு எங்கே இருந்தது என்று கேட்டுத் துளைத்தார்.

அம்மாளுக்குக் கேட் நன்றாக நினைவிருந்தது. பச்சைக் கேட், அதில் ஓர் ஆள் நுழைகிற சின்னக் கதவு, மதில்மேல் பதித்த கண்ணாடிச் சில்லு எல்லாவற்றையும் சொன்னாள். சமையலறை மட்டும் தெரியவில்லை. பாவம், வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார். எத்தனையோ தலைமுறைக்கு முன் செத்தவன் எங்கே சமைத்தான், எங்கே குளித்தான் என்று புட்டுப்புட்டு வைக்கிற மனிதர், எதிரே நிற்பவர்கள் விஷயத்தில் கொஞ்சம் மந்தம்.

போகும்போது தினமும் அவள் அதையே கேட்பாள். எங்கள் காலத்துச் சாமான் ஏதாவது கிடைத்ததா? அவர் வேறு எதிலாவது கண்ணாக இருப்பார். பார்த்துக்கொண்டே இருக்கிறோம் அம்மா, பொறுங்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மறுநாளும் அவள் பஸ் ஏறினாள்.

அன்று மத்தியானம் குழியின் அடியில் பழைய செங்கல் தரை தட்டுப்பட்டது. பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாளின் கையைப் பிடித்துச் சரிவு வழியாகக் கீழே அழைத்துவந்து, குழியின் சுவரைக் காட்டினார்.

அடியில் தெரிகிற கறுப்பு வரி சாயம் போடுகிறவன் வீடு, தீப்பிடித்து எரிந்திருக்கிறது. அதற்குமேல் குதிரை வியாபாரி, லாடமாகவே கிடைத்தது. அதற்கும்மேல் ஒரு வக்கீல். மைக்கூட்டைவிட மது பாட்டில்தான் அதிகம். எல்லோரையும் கூடவே இருந்து பார்த்தவர்போலச் சொல்லிக்கொண்டு போனார்.

அம்மாளின் விரல் ஒவ்வொரு வரியாக மேலே ஏறியது. வக்கீலைத் தாண்டியதும் சுவர் கத்தியால் வெட்டியதுபோல முடிந்து, வானம்தான் தெரிந்தது.

“இதுக்கு மேல?”

“மேலயா? அது எல்லாம் நேத்து சேர்ந்த குப்பைம்மா. ஆராய்ச்சிக்கு ஆகாது. எங்க தோண்டினாலும் முதல்ல அதைத்தான் வழிச்சு எடுப்போம்.”

முதல் நாளே புல்டோசரை விட்டு வழித்தாகிவிட்டதாம். அந்த மண் முழுவதும் லாரியில் ஏறி, ஊருக்கு வெளியே புதுச் சாலை போடுகிற பள்ளத்துக்குப் போயிற்றாம். இந்நேரம் அதன்மேல் தார்கூடப் போட்டிருப்பார்கள் என்றார்.

அம்மாள் அப்படியே செங்கல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழி ஆழமாக ஆழமாகத் தான் தேடுவது நெருங்கி வருகிறது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தாள். அவள் வந்து உட்காருவதற்கு முன்பே அது போய்விட்டிருக்கிறது. இனி எங்கே போய்த் தேடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சல்லடை நின்றுவிட்டது. ஆட்கள் சொன்னது உண்மைதான்போல என்று பேராசிரியருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. அவளைத் தேற்ற வேண்டும் என்றும் தோன்றியது.

“ஏதாவது புதைச்சு வெச்சிருந்தீங்களாம்மா? வருத்தப்படாதீங்க, அதுல ஒண்ணும் இல்ல. நானே பக்கத்துல நின்னு பார்த்தேன். கிழிஞ்ச துணி, ஒத்தைச் செருப்பு, கொஞ்சம் எலும்பு. ஏதோ நாய் செத்துக் கிடந்திருக்கும்.”

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

“அது எங்க வீடு இல்ல தம்பி. விசாரிக்கணும்னு ஜீப்புல பிடிச்சிட்டு வர்றவங்களை அப்போ அங்கதான் அடைச்சு வெப்பாங்க. வருஷக்கணக்கா நடந்தேன். கேட்டைத் தாண்டி என்னை விட்டதே இல்ல.”

அவள் தரையில் கையூன்றி எழுந்தாள். சரிவில் ஏறப்போனவள் நின்று திரும்பினாள்.

“நாய் இல்ல தம்பி. என் பையன்.”