கீறாத பக்கங்கள்

லத்தீனிலிருந்து பிரெஞ்சில் பெயர்த்த அந்தப் பழைய தியானப் புத்தகத்தின் தாள்கள் மடிப்பு வெட்டாமல் வந்தவை. படிக்கிறவர்தான் கத்தியால் கீறித் திறக்க வேண்டும். மதலேனம்மாளின் புருஷன் அந்துவான் தினம் ஒரு மடிப்பைக் கீறி, படித்து, அவளுக்குத் தமிழில் சொல்லுவார். புத்தகம் பாதியில் இருக்கும்போது, பிரெஞ்சு சர்க்கார் வேலையாகச் சைகோனுக்குக் கப்பலேறினார். "மிச்சத்தை வந்து கீறுறேன், நீ கை வெச்சிடாதே" என்று சிரித்துவிட்டுப் போனவரிடமிருந்து அப்புறம் சேதியே இல்லை.

தலை நரைத்தபின் ஒருநாள் பங்குச் சாமியாரைப் படிக்கச் சொன்னாள். திறந்த பக்கங்கள் தீர்ந்ததும் அவர் கத்தி கேட்டார்.

"இதை நான் லத்தீன்ல படிச்சிருக்கேன், மதலேனம்மா. இனிமேதான் மோட்சம் வருது. இந்த வயசுல அதைப் போய் விடலாமா?"

அவள் புத்தகத்தை மெல்ல வாங்கி, முதல் பக்கத்துக்குத் திருப்பிக் கொடுத்தாள்.

"அது அவரு வந்தப்புறம், சாமி. நீங்க மறுபடியும் இங்கேருந்து படிங்க. கொஞ்சம் மெதுவா."