முகம் தெரியவில்லை

“வலிக்கலைன்னு சொல்றேன், நம்ப மாட்டேங்கிறீங்களே சிஸ்டர்!” ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து பெரியவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். கட்டிலுக்கு மேலே இருந்த கேமரா, முகத்தைப் பார்த்தே வலியை அளந்து சொல்லும் புது இயந்திரம். திரையில் ஒன்பது. பத்துக்கு ஒன்பது என்றால் வேறு யாராவது கத்தி ஊரையே கூட்டியிருப்பார்கள்.

“மெஷின் பொய் சொல்லாதுய்யா. உங்க மாதிரி ஆளுங்கதான் சொல்வாங்க.”

புற்றுநோய் வார்டில் வலியை மறைப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்வதை விட்டுவிட்டுத் திரை சொல்வதைக் கேள் என்பது பெரிய டாக்டரின் உத்தரவு. இரண்டு நாளாக மருந்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். பெரியவர் அடித்துப் போட்டது போலத் தூங்குகிறாரே தவிர, எண் இறங்கிய பாடில்லை.

“சாயங்காலம் என் பொண்ணு வர்றா. நாலு வருஷம் கழிச்சு வர்றா. மறுபடியும் ஊசி போட்டுத் தூங்க வெச்சிராதீங்க.”

“பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசணுமாம்,” என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி. அவர் பேசுவது காதில் விழ வேண்டுமே என்று, இரண்டு நாளாகவே ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு தலையணை வரைக்கும் குனிந்தே இருந்தாள்.

நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் உத்தரவை மீறினால் வேலை போய்விடும். “கொஞ்சம் நகருங்கம்மா,” என்று ஊசியோடு வந்தாள்.

மனைவி கட்டில் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து ஜன்னல் பக்கம் போனாள். திரை ஒரு தரம் கண்சிமிட்டி, ‘முகம் தெரியவில்லை’ என்றது.

நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தாள். பெரியவர் படுத்த இடத்தை விட்டு அசையவேயில்லை. அவருடைய பாதி முகத்தை மறைத்திருந்த முகமூடியை ஒரு நொடி விலக்கிப் பார்த்தாள். இரண்டு.

கேமராவை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஒன்பது.

“அம்மா... உங்களுக்கு உடம்புக்கு என்ன?”

“எனக்கென்ன சிஸ்டர், நல்லாத்தானே இருக்கேன்,” என்று அந்த அம்மாள் சிரித்தாள். சிரித்த பிறகும் திரையில் ஒன்பது அப்படியே நின்றது.

ஊசி தப்பிய சந்தோஷத்தில் பெரியவரும் சிரித்தார்.

“அட, அதைப் பாத்தா பயந்துட்டீங்க? ஒரு வருஷமாவே அவ மூஞ்சி அப்படித்தான் சிஸ்டர்!”