டீச்சரம்மா இளைத்த கதை

"மறைக்காம சொல்லுக்கா. உனக்கு என்ன வியாதி?"

பெட்டியைக் கீழே வைத்ததும் வைக்காததுமாக கிளாடிஸ் கேட்டாள். யுத்த காலம். ரயிலில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. கோலாரிலிருந்து சாந்தோமுக்கு அவள் கடைசியாக வந்துபோய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வாசலில் வந்து கையைப் பிடித்தவள் தன் அக்கா லூயிசாதான் என்று நம்பவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

லூயிசா அந்தத் தெருவிலேயே பெரிய உருவம். கோயிலில் அவள் உட்கார்ந்தால் பெஞ்சின் மறுமுனை தூக்கும் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவள் வேலை பார்க்கும் அடையாறு பள்ளிக்கூடத்தில் தச்சனைக் கூப்பிட்டு அவளுக்கென்றே தனி நாற்காலி செய்து போட்டிருந்தார்கள். இப்போது எதிரே நின்றவள் கிளாடிஸில் பாதி இருந்தாள்.

"வியாதியா? போன மாசம்தான் டாக்டர் பார்த்தார். ஒரு குறையும் இல்லேன்னுட்டார்."

"அப்போ ரேஷன் அரிசியா?"

"ரேஷன்ல ஊரே இளைச்சா போச்சு? எதிர்வீட்டு காஸ்பரைப் பாரு. ரேஷன் வந்தப்புறம்தான் ஊதிக்கிட்டே போறார். வா, சாப்பிடு."

கிளாடிஸுக்குச் சோறும், தேங்காய்ப்பால் விட்ட வஞ்சிரக் குழம்பும். லூயிசாவின் தட்டில் ஒரு உருண்டை கேழ்வரகுக் களி, நிறைய முருங்கைக்கீரை, எண்ணெய் படாமல் வேகவைத்த ஒரு துண்டு மீன்.

"என்னக்கா இது? தவக்காலம் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு!"

"எனக்குத் தினமும் இதுதான்."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. சோறு மத்தியானம் மட்டும், அதுவும் ஒரு கரண்டி. ராத்திரிக்கு இருட்டுவதற்கு முன்னாலேயே கோதுமைக் கஞ்சி. காபிக்குச் சர்க்கரை இல்லை. பேக்கரி பன்னை நிறுத்தியாயிற்று. பொரித்தது எதுவும் கிடையாது.

"நீயா? கிறிஸ்மஸ் கல்கல்லை டின்னுல போடறதுக்குள்ளே பாதியைக் காலி பண்றவளாச்சே!"

"போன கிறிஸ்மஸுக்கும்தான் பொரிச்சேன். தெரு முழுக்கக் கொடுத்தேன்."

"நீ?"

"வாயில வைக்கலே. அன்னைக்கு அடுப்பங்கரையில உட்கார்ந்து அழுதேன். பொய் சொல்ல மாட்டேன்."

கிளாடிஸின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எனக்கும் எங்க ஊர் டாக்டர் உடம்பைக் குறைன்னு சொல்லிப் பார்த்துட்டார்க்கா. சின்னப் பிள்ளைங்க இருக்கு, அதுங்களுக்காகவாவது குறைம்மான்னார். அதுங்க முகத்தைப் பார்த்துக்கூட ரெண்டு வாரம் தாங்கலே. உனக்கு எப்படி முடிஞ்சுது? யாருக்காக?"

"யாருக்காகவாவது இருக்கணுமா என்ன?"

"பின்னே? தனக்காக ஒருத்தி இத்தனை பசியைப் பொறுத்துக்குவாளா? மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டியா?" கிளாடிஸின் கண் சட்டென்று விரிந்தது. "அக்கா! உங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர் ஞானதாஸ் பெண்சாதியை இழந்தவர்தானே? கல்யாணமா?"

லூயிசா புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"நாப்பத்தி மூணு வயசுல மணவறை ஒண்ணுதான் குறைச்சல். பேசாம சாப்பிடுடி."

மறுநாள் காலை ரிக்‌ஷா வாசலுக்கு வந்துவிட்டது. லூயிசா ஏறப் போனவள், திருத்திய பரீட்சைத் தாள்களை மேஜைமேலேயே விட்டுவிட்டதாகச் சொல்லி மறுபடி உள்ளே ஓடினாள். ஆம், ஓடினாள். கிளாடிஸ் வாய் பிளந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வருஷக்கணக்காக லூயிசாவை அடையாறுக்கு இழுத்துப் போகும் கரீமுல்லா, ஸீட்டைத் துண்டால் தட்டிவிட்டபடி கிளாடிஸைப் பார்த்துச் சிரித்தார். தாடி நன்றாக நரைத்திருந்தது.

"இன்னாம்மா, எப்போ வந்தீங்கோ? ஊர்ல அல்லாரும் நல்லா கீறாங்களா?"

"நல்லா இருக்காங்க பாய். உங்க டீச்சரம்மாவைப் பார்த்த பிரமிப்புதான் இன்னும் போகலே. எங்கேர்ந்து வந்தது இவ்வளவு வைராக்கியம்? கேட்டா சிரிச்சே மழுப்பறா."

கரீமுல்லா வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருசம் அடையாறு பாலத்து மேட்ல மாரைப் புட்ச்சிக்கினு வுழுந்துட்டேம்மா. இனிமே பாரம் இஸ்த்தா உசுரு நிக்காதுன்னுட்டாரு டாக்டரு. டீச்சரம்மா, 'வண்டி வேணாம் பாய், மாசாமாசம் பணத்தை மட்டும் வாங்கிக்கோங்க'ன்னாங்க. எனக்கு ரோசம் வந்துட்ச்சு. இஸ்க்காத வண்டிக்குக் காசு வாங்க நான் இன்னா பிச்சக்காரனா? நீங்க ஏறலேன்னா வேற சவாரி புட்ச்சிக்கிறேன்னு சொல்ட்டேன். மறுநாளு ஒண்ணும் பேசாம ஏறி குந்திக்கினாங்க."

"அய்யோ! அப்புறம்?"

"இப்ப அவுங்க சவாரி ஒண்ணுதாம்மா எனக்கு. மூச்சு வாங்காம மேடு ஏறிடறேன். 'அல்லா எனக்குப் புதுசா பலம் குட்த்துட்டாரு டீச்சரம்மா'ன்னு சொல்லுவேன். 'ஆமா பாய்'னு ரொம்ப சந்தோசப்படுவாங்க."

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. கரீமுல்லா அவசரமாகக் குனிந்து வண்டியின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறாங்க, நீங்களும் காட்டிக் குடுத்துடாதீங்கம்மா. நான் வேற சவாரி புட்ச்சிக்கிறேன்னு சொன்ன அன்னிக்கு ராத்திரிலேர்ந்துதான் அவுங்க சோத்தைக் கொறைச்சாங்க."